ஆயிரம் குதிரைக்கு ஆயுத பூஜை

“ஓட்டியே பார்க்காத வண்டியைப் பத்தி நீங்க எழுதினா, யாரும்மா நம்புவாங்க?”

நான் எழுதும் வாகன இதழின் ஆசிரியர் போன வருடம் தொலைபேசியில் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. டீ குடித்துக்கொண்டே கேட்டார். அதனால்தான் அதிகம் உறைத்தது. மின்சார வண்டிகளின் பேட்டரியைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் ஒரு வரி வெட்டாமல் போட்டவர் அவர். ஆனால் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டார்களும் சேர்ந்து ஆயிரம் குதிரை சக்தி தருகிற ஹைபிரிட் ஹைப்பர்கார்கள் இரண்டை ஒப்பிட்டு எழுதுகிறேன் என்றதும் கதவைச் சாத்திவிட்டார். “ஸ்டீயரிங் பின்னால உக்காந்து எழுதுங்க, நாலு பக்கம் தரேன். பக்கத்து சீட்ல உக்காந்து எழுத நிறைய பேர் இருக்காங்க.”

சரி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காருவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா ராணிப்பேட்டையில் ஷூ தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். அப்பா அதே ஊரில் லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறார். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உயர் மின்னழுத்த பேட்டரிகளைச் சோதிக்கும் எஞ்சினியர். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

பெங்களூரில் கார் பிரியர்கள் சிலர் ஒரு குழுவாக இருக்கிறார்கள். இணையத்தில் மாதக்கணக்கில் என்னோடு வாதாடியவர்கள். அவர்களில் இருவரிடம் நான் எழுத நினைத்த அதே இரண்டு வண்டிகளும் இருந்தன. அதில் ஒருவரான சேதன் ஒரு நாள் செய்தி அனுப்பினார்: “ஆயுத பூஜைக்கு வாங்க மேடம். பூஜை முடிஞ்சதும் ரெண்டையும் நீங்க ஓட்டலாம்.” திரும்பத் திரும்பப் படித்தேன். ‘ஓட்டலாம்’ என்றுதான் இருந்தது. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சித்தி வீடு மர்பி டவுனில். ஆட்டோக்காரர் என்னைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார். முன்னால் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். “இதுக்கு மேல ஆட்டோ போகாது, ஹெலிகாப்டர்தான் போகும்” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அடுத்த சவாரிக்காகக் கைபேசியைத் தடவ ஆரம்பித்தார். பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் ஊரில் ரோடு தோண்டினால் பக்கத்தில் சுற்றுவழி ஒன்றை ஜனங்களே உண்டாக்கிவிடுவார்கள். இங்கே எல்லோரும் பள்ளத்தின் விளிம்பில் பொறுமையாக வரிசை கட்டி நின்றார்கள். அதுவே எனக்கு முதல் அதிர்ச்சி.

சித்தப்பா அல்சூரில் பூ வியாபாரம் செய்பவர். ஆயுத பூஜை சமயத்தில் வாழைக்கன்று, எலுமிச்சை, பூசணி எல்லாம் சேர்த்து விற்பார். வருடத்தில் அவர் தூங்காத வாரம் இது. வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. கட்டிலுக்குக் கீழே சாமந்தி, கட்டிலுக்கு மேலே சாமந்தி. சித்தி அதற்கு நடுவில் உட்கார்ந்து, பேச்சையும் கையையும் நிறுத்தாமல் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இரவு சாப்பாடு களியும் ஆட்டுக்கறிச் சாறும். எங்கள் ஊரில் களி என்றால் கீரைக் கடையல், மிஞ்சினால் மோர். ஒரு வாய் எடுத்து மெல்ல ஆரம்பித்தேன். சித்தி கையைப் பிடித்து நிறுத்தினாள். “மெல்லக் கூடாதுடி. சாத்துல முக்கி அப்படியே முழுங்கணும். இங்க வந்து கத்துகினோம்.” முழுங்கினேன். தொண்டையில் ஒரு கணம் நின்று இறங்கியது. பயந்துவிட்டேன், ஆனால் ருசிதான்.

“இன்னா வண்டி அது, எதுக்கு அதப் பாக்க இவ்ளோ தூரம் வந்த?” என்றார் சித்தப்பா. 

சொன்னேன். எஞ்சின் ஒரு பக்கம், முன் சக்கரங்களுக்குத் தனியாக இரண்டு மோட்டார், நடுவில் இன்னொரு மோட்டார்.

“ஒரு வண்டிக்கு இத்தினி எஞ்சினா? ஒண்ணு நின்னா இன்னொண்ணு தள்ளுமா?”

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். இதைவிடச் சுருக்கமாக நானே எழுதியதில்லை.

மறுநாள் காலை சேதன் என்னை அழைத்துப்போக வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பொம்மசந்திராவில் அவர் குடும்பத்துக்கு லேத் பட்டறைகள் கொண்ட ஒரு தொழிற்சாலை இருக்கிறது. சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால் பெரிய ரோட்டில் நின்றார். மஞ்சள் நிறம். எட்டு சிலிண்டர், டர்போ. குழுவில் அதை ‘எட்டு’ என்றே கூப்பிடுகிறார்கள். இன்னொரு வண்டி குழுவிலிருந்த ஒரு டாக்டருடையது, சாம்பல் நிறம், டர்போ இல்லாதது, அது ‘பன்னிரண்டு’.

சித்தி பூக்கூடையோடு வந்து பார்த்தாள். “ஸ்டார்ட் பண்ணச் சொல்லு, சத்தத்த கேப்போம்.”

“ஸ்டார்ட்லதான் இருக்கும்மா” என்றார் சேதன்.

சித்தி நம்பவில்லை. வண்டியின் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். அதிர்வு எதுவும் இல்லை. கையை எடுத்து என்னைப் பார்த்தாள். 

இந்த வண்டிகளின் அழகே அதுதான் என்று நான் அப்போது நினைத்தேன். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழுந்திருப்பதில்லை. பேட்டரிதான் எழுந்திருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு வருகிறது, அவ்வளவுதான். முன் சக்கரங்கள் மட்டும் மின்சாரத்தில் இழுத்துக்கொண்டு போகின்றன. அல்சூர் ஏரி ஓரமாக நாங்கள் போனபோது டயரில் மண் அரைபடுவது கேட்டது. தள்ளுவண்டியில் பப்பாளி விற்றவர், நாங்கள் பக்கத்தில் போன பிறகுதான் திரும்பிப் பார்த்துத் துள்ளினார். நான் சிரித்தேன். சேதனும் சிரித்தார்.

பிறகு கொஞ்சம் காலியான ரோடு கிடைத்ததும் அவர் ஸ்டீயரிங்கில் எதையோ தொட்டார். என் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் விழித்தது. அடுத்து நடந்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வண்டி முன்னால் போனது என்று சொல்ல முடியாது. ரோடுதான் பின்னால் உருவப்பட்டது. என் கண் பார்த்த இடத்துக்கு உடம்பு முன்பே போயிருந்தது. காலை சாப்பிடாமல் வந்தது நல்லதாயிற்று. எல்லாம் நாலு மூச்சு நேரம். பிறகு ஒரு தண்ணீர் லாரி முன்னால் வந்து நின்றது. ஆயிரம் குதிரைகளும் அதன் பின்னால், சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்தன.

“டர்போ வண்டின்னா மிதிச்சப்புறம் ஒரு கேப் வரும் இல்ல மேடம். இதுல வந்துச்சா?” என்றார்.

வரவில்லை. டர்போ சுழன்று எழும் வரையுள்ள இடைவெளியை மோட்டார் நிரப்பிவிடுகிறது. இதைப் படித்திருக்கிறேன், படம் போட்டு எழுதியிருக்கிறேன். வயிற்றில் தெரிந்துகொண்டது அன்றுதான்.

நின்றபடி சாப்பிடும் ஒரு ஹோட்டலில் டாக்டர் அஸ்லம் காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பல் டாக்டர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ரவா இட்லி சொன்னோம். சாம்பாரில் வெல்லம். இதற்கு மட்டும் நான் எத்தனை தடவை பெங்களூர் வந்தாலும் பழக மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் சேதன் கல்லாவில், “ஒரு காபி, பை-டூ” என்றார்.

ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுத்தார்கள். ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார், ஒன்றை டாக்டர். வெளியே நின்ற அவர்களுடைய வண்டிகளின் விலைக்கு மர்பி டவுனில் சந்து சந்தாக வீடு வாங்கலாம். நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 

“என்ன பேட்டா, உனக்கும் பை-டூ வேணுமா?” என்றார் டாக்டர்.

“எனக்கு முழுசா ஒண்ணு” என்றேன்.

அங்கே அந்த உயர மேஜையைச் சுற்றி நின்று இருவரும் சண்டை போட்ட அழகை எழுதியே ஆக வேண்டும்.

“உன்னுது வண்டி இல்ல, மொபைல் போன்” என்று ஆரம்பித்தார் டாக்டர். “எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணுது. நீ சும்மா உக்காந்திருக்க. என்னுது மிதிக்க மிதிக்க மேல ஏறும், கடைசில பாடும். அதுக்கு டர்போ நக்கோ, வேணவே வேணாம்.”

“பாட்டு கேக்கணும்னா ரேடியோ போதும் டாக்டரே. வளைவுல உங்க வண்டி வெயிட்டு தெரியுது. என்னுது முன்னால ரெண்டு மோட்டாரும் ஒண்ண இழுத்து ஒண்ண விட்டு, மூக்க உள்ள திருப்பிடும். கைக்கு முன்னாடியே புரிஞ்சுக்கும்.”

“கைக்கு முன்னாடி அதுக்குப் புரிஞ்சுதுன்னா உன் கை எதுக்கு?”

“சரி குரு, பிரேக்? உங்க பெடல் பஞ்சு மாதிரி இருக்கு.”

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. பஞ்சு என்ற சொல்லைத் தாங்க முடியவில்லை போல. என்னிடம் திரும்பினார். “நீ சொல்லு பேட்டா, எஞ்சினியர்தானே.”

சொன்னேன். இரண்டு வண்டியிலும் பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. கால் எவ்வளவு கேட்கிறது என்று கணினி படித்து, இவ்வளவு மோட்டார் பிடிக்கட்டும், இவ்வளவு பிரேக் பிடிக்கட்டும் என்று பங்கு போடுகிறது. காலுக்குக் கீழே தெரியும் கனம் ஒரு ஸ்பிரிங் நடிக்கிற கனம். ஆகவே இரண்டு பேரும் சண்டை போடுவது ஒரு ஸ்பிரிங்கைப் பற்றி.

“அப்படின்னாலும் என் ஸ்பிரிங் பெஸ்ட்” என்றார் சேதன். “எட்டோட பெடல்ல என் கால் ஒரு நூல் நகர்ந்தாலும் எனக்குத் தெரியும். கண்ண மூடிகிட்டு ஓட்டுவேன்.”

மறுபடியும் தொடங்கினார்கள். இலைத் தட்டு எடுக்க வந்த பெண்மணி கன்னடத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம், “தினமும் இதே தகராறு, தினமும் அரைக் காபி” என்றார்.

சுற்றுலா என்று எதுவும் பார்க்கவில்லை. சாயங்காலம் சித்தியோடு உட்கார்ந்து பூக் கட்டினேன். மனசு முழுக்க மறுநாள் உட்காரப்போகும் அந்த ஸீட்டில் இருந்தது. முதல் வரியைக்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று எந்த வாடகைக் காரும் கிடைக்கவில்லை. பொம்மசந்திரா தொழிற்சாலைக்கு வாழைக்கன்றும் பூவும் சித்தப்பாதான் கொண்டுபோகிறார் என்பதால் அவருடைய லக்கேஜ் ஆட்டோவிலேயே ஏறினேன்; கடைப் பையன் ஓட்டினான். கன்றுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாழையிலை முகத்தில் அடிக்க ஓசூர் ரோட்டில் போனேன். ஹைப்பர்கார் ஓட்டப் போகிற எத்தனை பேர் இப்படிப் போயிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஒரு சிக்னலில் பக்கத்து பஸ்ஸின் டிரைவர் ஜன்னலிலிருந்து, எங்கள் பஸ்ஸுக்கு ஒன்றும் கட்டவில்லை, ஒரு கன்று கொடு என்று கன்னடத்தில் கேட்டார். சித்தப்பா எழுந்து நின்று ஒன்றை மேலே கொடுத்தார். பச்சை விளக்கு விழுந்தும் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அன்று ஒரு நாள் மட்டும் அந்த ரோட்டில் எல்லோரும் நல்லவர்கள்.

தொழிற்சாலை முற்றம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. லேத்துகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், தூணுக்குத் தூண் வாழைக்கன்று. வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள். காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான். வாசலில் நாலு பேர் தமட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக்கூடு அதிர்கிற அடி. பொரியும் கடலையும் இனிப்பும் கலந்த பொட்டலங்கள் மலை போலக் குவிந்திருந்தன.

நடு முற்றத்தில் எட்டு. அதற்குப் பின்னால், சுவர் ஓரமாக, பன்னிரண்டு. இரண்டின் மேலும் சாமந்தி மாலை. சேதன் எட்டை மின்சாரத்திலேயே ஷெட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, இறங்காமல் ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. நான் கதவுக்குப் பின்னால் அவர் தோளை ஒட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் நான் உட்காரப்போகிற இடம். எந்தப் பொத்தான் எங்கே என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

சித்தப்பா பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். பூஜாரி அவரைப் பார்த்து, “பூக்காரரே, எலுமிச்சம்பழத்த வைங்க” என்றார். ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு பழம் வைத்து, அதன் மேல் வண்டியை ஏற்றி நசுக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த முறைதான். சித்தப்பா டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அந்த முற்றம் தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்ட தரை. பழம் உருண்டது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது. டயருக்கு அடியில் அதை ஒட்டி வைத்து, விரலால் பிடித்துக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் நின்றது. சத்தமில்லாத வண்டி அணைந்த வண்டி. பிறந்ததிலிருந்து நாம் எல்லோரும் கற்றுக்கொண்டது அது.

பூஜாரி மங்களாரத்தித் தட்டோடு கதவுப் பக்கம் வந்தார். சேதன் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, வெளியே சாய்ந்து, இரண்டு கையாலும் தீபத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார்.

அப்போதுதான் டாஷ்போர்டு என் கண்ணில் பட்டது. பச்சை விளக்கு.

“கை” என்று கத்தினேன். “சித்தப்பா, கை, கை.”

வண்டி நகர்ந்தது. முன்பு எப்படி ஏரி ஓரத்தில் போனதோ அப்படி, தமட்டை அடியில் ஒரு முனகல்கூடக் கேட்காமல், ஓர் அடி நகர்ந்து, சேதன் நிமிர்ந்து பிரேக்கை மிதித்ததும் நின்றது. எலுமிச்சம்பழம் வெடித்துச் சாறு தெறித்தது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பழம் நசுங்கிவிட்டது, பூஜை நன்றாக முடிந்தது என்று முற்றம் முழுக்கக் கைதட்டியது. தமட்டைக்காரர்கள் வேகம் பிடித்தார்கள். சித்தப்பா மல்லாந்தாற்போல் பின்னால் விழுந்து, தரையில் உட்கார்ந்து, வலது கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் சிவப்பு. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக நீவினேன். பூசணியில் தடவிய குங்குமம். விரல்கள் ஐந்தும் இருந்தன.

சேதன் சிரித்தபடி இறங்கினார். “ஸ்மூத்தா போச்சு இல்ல? வாங்க மேடம், இப்ப உங்க டர்ன். உக்காருங்க.”

ஸீட் காலியாக இருந்தது. கதவு எனக்காகத் திறந்திருந்தது.

சித்தப்பா என் காதுக்குள் சொன்னார்: “ஒண்ணும் ஆவல கண்ணு. வாயத் தொறக்காத. போய் உக்காரு. அதுக்குத்தான வந்த?”

அவர் கை இன்னும் என் கையில் இருந்தது.

“வண்டி ஆன்ல இருந்துது” என்றேன் சேதனிடம். “அவர் கை டயருக்கு அடியில இருந்துது.”

“இல்ல மேடம். ஆஃப்ல இருந்துச்சு. நான்தான் லேசா...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஆஃப்பில் இருந்தால் எப்படி நகர்ந்தது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். குனிந்து உள்ளே பார்த்தார். விளக்கு இன்னும் பச்சையாக எரிந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர், “பண்டிகை நாள்ல எதுக்கு மேடம் இந்தப் பேச்சு, சும்மா” என்றார். இன்னொருவர், “பழந்தான நசுங்குச்சு, விடுங்க” என்றார். சேதன் சித்தப்பாவையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். தமட்டையை நிறுத்தும்படி கையைக் காட்டினார். அந்தச் சத்தம் நின்ற பிறகு முற்றம் காதை அடைத்தது.

“ஆரத்தி எடுக்கச் சாஞ்சேன்” என்றார் மெதுவாக. “கால் பிரேக்லதான் இருக்குன்னு நினைச்சேன். அது எங்க போச்சுன்னே எனக்குத் தெரியல.”

முந்தின நாள் நூல் அளவு நகர்ந்தாலும் தெரியும் என்ற அதே கால். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. டாக்டர்கூட. அவர் வந்து சித்தப்பாவின் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “இவருக்குச் சூடா ஒரு டீ கொடுங்கப்பா” என்று மட்டும் சொன்னார். அது முழு டீ.

சேதன் எட்டை அணைத்து, சாவியை ஓர் ஆள் மூலம் வீட்டிலிருந்த தன் அப்பாவிடம் அனுப்பிவிட்டு, சித்தப்பா எதிரில் தரையில் உட்கார்ந்தார். “மன்னிச்சுடுங்கண்ணா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னிக்கு யாரும் ஓட்ட வேணாம் மேடம். என்னால பாக்க முடியாது.”

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் எனக்கு வந்த ஏமாற்றத்தையும் மறைக்கப் போவதில்லை. அழுகை தொண்டை வரை வந்தது. களி மாதிரி முழுங்கினேன்.

பன்னிரண்டுக்கு இன்னும் பழம் வைக்கவில்லை. சித்தப்பாவே எழுந்தார். “பாதில விடக் கூடாது” என்றார். நான் தடுத்தேன். எங்கள் பேட்டரி அறையில் ஒரு வழக்கம் உண்டு: யார் கையை உள்ளே விடுகிறாரோ, சாவி அவரிடம் இருக்க வேண்டும். மேலாளர் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஆனால் இந்த வண்டிகளின் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், வண்டி விழித்துக்கொள்ளும். அதனால் டாக்டரிடம் சாவியை வாங்கிக்கொண்டு, நான் கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த டயர் கடை வரை போய் நின்றேன். உள்ளே பூஜை நடந்தது. வெளியே நான் ஒரு ஹைப்பர்காரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன். டயர் கடைக்காரர், “யாரையாவது தேடுறீங்களாம்மா?” என்றார்.

நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் பழம் வைத்து, எல்லோரும் எதிர்ச் சுவரோரம் போய் நின்ற பிறகு கூப்பிட்டார்கள். சாவியை நீட்டினேன். டாக்டர் வாங்கவில்லை.

“என் கை ஆடுது பேட்டா. ஊசி போட்ட முப்பது வருஷத்துல ஆடினதில்ல. நீயே பழத்து மேல ஏத்திடு.”

சேதன் நிமிர்ந்து பார்த்தார். சரி என்று தலையசைத்தார். ஆனால் முன்னால் எட்டு வழியை மறித்து நின்றது. அதன் சாவி போய்விட்டது.

“அப்ப பின்னால எடு” என்றார் டாக்டர்.

“பூஜை போட்ட வண்டிய மொதல்ல பின்னால எடுக்கறதா?” என்று சித்தப்பா பதறினார். “அது எப்படி டாக்டர் பாய்?”

“முன்னால போனா சேதன் வண்டி மேலதான் ஏறணும். அது பரவாயில்லையா?”

சித்தப்பா யோசித்தார். “சரி, சாமி பாத்துக்கும். நான் பின்னால நின்னு சொல்றேன்.”

“பின்னால இல்ல. பக்கத்துல, தள்ளி” என்றேன்.

மேல்நோக்கித் திறந்த கதவுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் என் கைக்கு எதிரே இருந்தது. பச்சை விளக்கு வந்தது. கண்ணாடிகளில் யாரும் இல்லை என்று பார்த்து, நீளமாக ஒரு ஹாரன் அடித்தேன். ரிவர்ஸ் போட்டேன். காலை பிரேக்கிலிருந்து மெதுவாக எடுத்தேன்.

இந்த வண்டிகளில் பின்னால் போக எஞ்சின் உதவாது. முன் சக்கரத்து மோட்டார்கள்தான் பின்னோக்கித் தள்ளும். என் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஆக்சிலரேட்டரைத் தொட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நினைத்தேன். பழங்கள் நசுங்கின. அந்தச் சின்ன ஏற்றமும் இறக்கமும் ஸ்டீயரிங் வழியாக என் கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்தது, யாரோ உள்ளங்கையில் எழுதிக் காட்டுவதுபோல. “வா, வா, இன்னும் வா, லெப்ட்டு ஒடி, போதும்” என்று சித்தப்பா லாரிக்குச் சொல்வதுபோல வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். டாக்டர் முகத்தைச் சுளித்தார். பிரேக்கை மிதித்தேன். பஞ்சு இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

சுவரிலிருந்து கேட் வரைகூட இல்லை, ஷெட்டின் நீளம்தான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் என் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டா, பன்னிரண்டா என்று கேட்டால் இந்தக் கட்டுரையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், மற்றதைப் பின்னால் ஓட்டியிருக்கிறேன். அவ்வளவுக்குத்தான் என்னால் சாட்சி சொல்ல முடியும். இன்னொன்றுக்கும் சொல்ல முடியும்: வேகத்தைக் கண்டு நான் அதிரவில்லை. சும்மா நிற்கிறது என்று நாம் நம்பிய ஒன்று உண்மையில் நிற்கவில்லை என்பதைக் கண்டுதான் அதிர்ந்தேன். இந்தப் பெருமைக்குரிய வண்டிகளைப் பற்றி நான் எழுதியது எதிலும், டயருக்கு எதிரில் குந்தியிருக்கும் ஆள் இதுவரை வந்ததில்லை.

சித்தப்பா பொரிப் பொட்டலம் ஒன்றை என் மடியில் போட்டு, திரும்பி வரும் வழி முழுக்க வலது கையை மடித்து வைத்துக்கொண்டே வந்தார். அல்சூர் வந்ததும், “சித்திகிட்ட சொல்லாத” என்றார். நான் சொல்லிவிட்டேன். அவள் அன்று இரவு அவருக்குக் களியை ஊட்டிவிட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாள் மேலாளரிடம் போய், பேட்டரி அறையிலிருந்து வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றம் கேட்டேன். அந்தப் பிரிவில் இதுவரை பெண்கள் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும். அதற்கான ஓட்டுநர் தேர்வு யாருக்கும் திறந்திருப்பதுதான், போன சனிக்கிழமை எழுதி ஓட்டித் தேறிவிட்டேன். தடத்தில் ஓட்ட ஸ்டோரில் என் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் இல்லை என்றார்கள். எல்லாம் பெரிய அளவு. கடைக்குப் போய் நானே ஒன்றை வாங்கி, என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.